கரையில் கிடப்பது

மண்டபம் ஸ்டேஷன் ரோட்டில்
மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் என் கடை.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், லேமினேஷன் இருபது.
மனு அடிக்க, தமிழென்றால் முப்பது,
இங்கிலீஷென்றால் ஐம்பது.

பிரகாசி முதலிலேயே ஐம்பதை வைத்தாள்,
செதில் ஒட்டிய நோட்டு.
"டெல்லிக்குப் போற காயிதம்.
அவுகளுக்குப் புரியிற மாதிரி அடி."

சொல்லு என்றேன்.
"மாட்டிக்கிட்டோம்."
அவ்வளவுதான்.
மீதியை நீயே போட்டுக்கொள் என்பதுபோல
ஃபேனைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

'பிராப்ளம்' என்று அடித்தேன். சப்பென்றிருந்தது.
அதன்மேல் மவுஸை வைத்து அமுக்கினால்
மாற்றுச் சொற்கள் இறங்கும்,
ஆயிரங்கால் தூண்டிலில் முள் இறங்குகிற மாதிரி.

ஜாம் என்றது. பிக்கிள் என்றது.
சூப்பில் கிடக்கிறேன் என்றும் சொல்வார்கள்,
பிளஸ் டூவில் படித்த ஞாபகம்.
எவனோ வயிறு நிறைந்தவன்
தன் சிக்கலுக்கெல்லாம்
தின்கிற பெயராக வைத்திருக்கிறான்.
பிரகாசி வீட்டிலும் பதினொரு மாதமாய் பிக்கிள்தான்,
ரேஷன் அரிசிக் கஞ்சிக்கு.

ஃபிக்ஸ் என்றது.
மாட்டிக்கொள்வதும் அதுவாம், பழுது பார்ப்பதும் அதுவாம்.
இன்ஜின் மெக்கானிக் நாகூர்கனி கேட்டால் சிரிப்பார்.

கேட்ச் என்றது.
வலையில் விழுந்த மீனும் கேட்ச்.
லோன் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில்
பொடி எழுத்தில் பதுங்கியிருந்ததும் கேட்ச்:
படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும்
ஐந்தாம் தேதி தவணை.

டெட்லாக் பேப்பரில் வருகிற சொல்.
அதற்குள் நீள மேசையும்
தண்ணீர் பாட்டில்களும் தெரிகின்றன.
வேண்டாம்.

சவேரி வந்துவிட்டான்.
எழுபது நாள் யாழ்ப்பாணத்து ஜெயில்,
பிறகு சென்னைக்கு விமானம்.
ஜன்னல் சீட்டாம்,
கீழே கடலைப் பார்க்கவே இல்லையாம்.
படகுதான் வரவில்லை.
'செசிலியம்மா' மயிலிட்டியில் ஒருக்களித்துக் கிடக்கிறாள்.
பலகை இடுக்கில் புல் முளைத்த போட்டோ
யாரோ செல்லுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பெயர்களை அடித்தேன்.
செசிலியம்மாவின் கீழே சிவப்பாய் நெளிந்தது ஒரு கோடு.
பிரகாசியின் கீழேயும்.
தப்பு என்கிறது மெஷின்.
சரி எது என்று கேட்டால்
பேசாமல் இருக்கிறது.

பட்டியலின் அடியில் கிடந்தது
ஸ்ட்ராண்டட்.
ஸ்ட்ராண்ட் என்றால் கடற்கரை,
பழைய சொல், அகராதி சொன்னது.
கரையில் போய்க் கிடப்பதே
அந்த ஊரில் ஆபத்து போல.
நாமோ
கடனில் இருந்து கரையேறுகிறோம்,
பெண்ணைக் கரையேற்றுகிறோம்,
கச்சான் காற்று அடிக்கிற இரவில்
கரை தெரிந்தால் சிலுவை போடுகிறோம்.
இந்தச் சொல்லை எப்படி இவளுக்கு...

"அது என்னா, அதுலயே நிக்கிற?"

"கரையில கெடக்குன்னு அர்த்தம்."

முதல்முறையாகத் திரையைப் பார்த்தாள்.
உதடு அசைந்தது, எழுத்து கூட்டுகிறவள்போல.

"அதான். அதயே போடு.
அந்தாளும் அப்படித்தான் கெடக்கு,
காலையில எந்திரிச்சு வெறுங்கையோட போயி
மணல்ல உக்காந்துருது.
அதயும் சேத்து அடி."

'இஸ்' என்பதை அழித்துவிட்டு
'ஆர்' என்று மாற்றினேன்.

பிரிண்ட் கொடுத்தேன்.
பாதித் தாள் வெளியே, பாதி உள்ளே.
ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது:
பேப்பர் ஜாம்.

"என்னவாம்?"

"மாட்டிக்கிச்சு."

நான் கைவைக்கும் முன்
"இழுக்காத" என்று எழுந்து வந்தாள்.
பாரில் சிக்கிய வலையை எடுக்கிற மாதிரி
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்,
மூச்சை விடாமல்.

கிழியாமல் வந்தது.
மையை மட்டும் லேசாக இழுவியிருந்தது,
அந்தச் சொல்லின் மேல்.
"வேற அடிக்கவா?"
வேண்டாம் என்று மடித்துக்கொண்டு போனாள்.