ஏழாம் எண்

பதினோரு நாள் கழித்து லிஃப்ட் ஓடுகிறது.
பெரும்பாக்கம் குடியிருப்பில் இது செய்தி.
குடத்தோடும் சிலிண்டரோடும் நின்ற வரிசையில்
நானும் லோகித்தும்.
பால்வாடிப் பை என் தோளில்,
என் சுண்டுவிரல் அவன் பிடியில்.

உள்ளே நுழைந்ததும்
"ஏழுதானே?" என்று
எதிர்வீட்டு ஜெபராஜ் அண்ணன்
நல்ல மனசோடு அழுத்திவிட்டார்.

அவ்வளவுதான்.

முதலில் உதடு.
பிறகு முழங்கால்.
பிறகு மொத்த உடம்பும் தகரத் தரையில்.
நாலு வயசுக்குள்
இத்தனை சத்தம் எங்கே மடித்து வைத்திருந்தான்?

"யாரு அமுக்குனா என்னடா,
வீடு அதே மாடியிலதான இருக்கு?"
நியாயமான கேள்வி.
நியாயத்தைக் கேட்கிற நிலையில்
அங்கே யாரும் இல்லை.
ஏழில் கதவு திறந்தது. அவன் எழவில்லை.
அண்ணன் திருடியவரைப் போல இறங்கிப் போனார்.
கதவு மூடியது.

கை ஓங்கியது.
என் கைதான்,
என்னைக் கேட்காமலே மேலே போயிருந்தது.

மத்தியானம் சோழிங்கநல்லூர் சிக்னலில்
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டதும்
இதே கை.
ஒன்பது நிமிஷத் தாமதத்துக்கு
ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார் ஒருவர்.
அதற்கா அழுதேன்?
அதற்கில்லை. அதற்கும்தான்.
பச்சை விழுந்ததும்
துடைக்காமல் கிளம்பிவிட்டேன்.

எனக்கு ஹெல்மெட் இருக்கிறது.
அவனுக்கு, ஊரே பார்க்கும்
இந்தத் தகரத் தரை.

கையை இறக்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
லிஃப்ட் இறங்கியது.
மூன்றில் அஞ்சலை அக்கா ஏறினார்.
"ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று
கூடையிலிருந்து ஒரு பிஸ்கெட் நீட்டினார்.
"அழுவட்டும்க்கா. முடிச்சிட்டுத் தின்னுவான்."
இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.
பிஸ்கெட்டை என் சட்டைப் பையில் போட்டார்.

விம்மலுக்கும் விம்மலுக்கும் நடுவே
ஒரு சொல் நுழைய இடம் கிடைத்தது:
"அம்மா... எழுப்பல."

நாலே முக்காலுக்குக் கம்பெனி வேன்.
பிள்ளை தூங்கட்டும் என்று
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.
அதுவும் நல்ல மனசுதான்.

விழித்தபோது அம்மா இல்லை.
பிடிக்காத நீலச் சட்டையை நான் மாட்டிவிட்டேன்.
சிவப்பு க்ரேயானை எவனோ பிடுங்கிக்கொண்டான்.
சாயங்காலம் வரை அவன் பத்திரமாக வைத்திருந்தது
லிஃப்டில் ஒரு வட்டம்,
அதற்குள் அவனுக்கு எழுதத் தெரிந்த ஒரே எண்.

"அம்மா டாட்டா சொல்லாம போயிட்டா.
அப்புறம் ஏழையும் எடுத்துட்டாங்க. அதானே?"
ஆமாம் என்று சொல்லவில்லை.
என் தோளில் மூக்கைத் துடைத்தான்.

கீழே வந்ததும்
குதிகால் உயர்த்தி எக்கினான்.
"தூக்காத."
சரி.
விரல் ஐந்தைத் தாண்டவில்லை.
வெளியே வரிசை முணுமுணுத்தது.
இன்னொரு எக்கு. ஆறு.
இன்னும் ஒரு

கரண்ட் போய்விட்டது.

இருட்டில்
அடுத்த அழுகைக்கு அவன் மூச்சு இழுப்பது கேட்டது.
எனக்கும் அப்படித்தான் இருந்தது.
"சீ, எனக்கும் கோவமா வருதுடா," என்றேன்.
இழுத்த மூச்சை
என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டான்.

படியேறினோம்.
மாடிக்கு மாடி சுவரில் பெயிண்டில் ஒரு எண்,
அவன் உயரத்துக்கு.
செல்போன் வெளிச்சத்தில் ஒன்றை அமுக்கினான்.
சுவர் சும்மா இருந்தது.
நான் "டிங்" என்றேன்.
இரண்டு. டிங்.
ஐந்தாவதில் எனக்கு மூச்சு வாங்கி
டிங் வரவில்லை.
விரலை எடுக்காமல்
நான் தயாராகும் வரை நின்றான்.

ஏழை இரண்டு கையாலும் அமுக்கினான்.

ஓவர்டைம் முடித்து எட்டரைக்கு வந்த வினோதா
தூங்குகிறவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
"சமத்தா இருந்தானா?"
"அழுதான். நாளைக்கு எழுப்பிட்டுப் போ."
"அழுவானே."
"அழுவான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அலாரத்தைப்
பத்து நிமிஷம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.