ஏலத்தில் ஒரு மட்டிக் குலை

பொதுவாகச் சொல்லாதே மக்ளே,
பேர் சொல்லி நன்றி சொல்
என்று அவளுக்கு ஜெபம் படிப்பித்தவன் நான்தான்.
'எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்' என்பது
விலாசம் எழுதாத கடுதாசி.
மீன் என்றால் என்ன மீன் என்று சொல்ல வேண்டும்.

அன்று முதல் ரிஜிலாவின் ஜெபம் நீண்டுவிட்டது.
நெத்திலிக்கு,
நெத்திலியோடு கிடந்த மாங்காய்த் துண்டுக்கு,
பள்ளி வண்டியில் ஜன்னலோரம் விட்டுத்தந்த பெனிட்டாவுக்கு,
விடியும் வரை பொறுத்து
அப்பாவின் பால் சிரட்டை நிறைந்த பிறகு பெய்த மழைக்கு.
குழம்பு ஆறிவிடும்.
ஆமென் வராது.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம்
வெட்டுக்கத்தியோடு வாழைக்குள் இறங்கினோம்.
களியலில் மூன்று வாரமாய் மழை,
பால்வெட்டு இல்லை,
கடையில் பற்று ஏறிக்கொண்டிருந்தது.
'ஏசப்பாவுக்கு எது?' என்றாள்.
நான் மட்டிக் குலையைக் காட்டினேன்.
காற்றில் ஒடிந்த வாழை.
காய் முழுக்கத் தேறவில்லை,
ஒரு சீப்பில் வவ்வால் பல் பட்டிருந்தது.
அதற்குப் பின்னால்
சாக்கு சுற்றி நின்றது செவ்வாழை,
தொடுவெட்டிச் சந்தைக்காரன் விலை சொல்லிப் போன குலை.
அவள் அந்தப் பக்கம் பார்த்த மாதிரித் தெரியவில்லை.
'செரி' என்றாள்.

கிணற்றடியில் உட்கார்ந்து
தன் குளி துவர்த்தால் அதைத் துடைத்தாள்.
பிறந்த பிள்ளையைத் துடைப்பது போல,
காய்க்கும் காய்க்கும் இடையில் விரல் விட்டு.
நான் பீடி பற்றவைக்கப் போய்விட்டேன்.

ஆலயத்து முற்றத்தில்
கால் கட்டிய சேவல், காச்சில் கிழங்கு,
தேன் போத்தல், ஆறு ரப்பர் ஷீட்,
யாரோ வீட்டு முதல் முட்டை.
முட்டை முந்நூறுக்குப் போனது.
சபைச் செயலர் ஞானமுத்தன்
மட்டிக் குலையைத் தூக்கிப் பிடித்தார்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சின்னக் குலை.
அந்த அமைதியின் நீளம் எனக்குத் தெரியும்,
காயீன் நின்ற இடத்திலிருந்து அளந்தால் தெரியும்.

'பத்து ரூபா!'

முன் பாயில் ஒரு கை.
மிட்டாய்க்கு நான் கொடுத்த பத்து,
மடித்து மடித்து நகமளவானது.
சிரிப்பு எழுந்து ஓலைப் பந்தலை உலுக்கியது.
பாவம், கொண்டுவந்தவளே கேட்கிறாள்.

'ஐநூறு.'

திரும்பிப் பார்த்தேன். தாசையன்.
எல்லைக் கல்லுக்காக
இரண்டு வருடமாய் நானும் அவனும் பேசுவதில்லை.
ஒரு தரம், இரண்டு தரம்,
மூன்றாம் தரத்துக்குள் என் தொண்டை வறண்டது.
அவன் குலையை வாங்கி நேரே நடந்து வந்து
அவள் மடியில் வைத்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
நானும்.

வீட்டில் அவள் சீப்புகளை அறுத்து எண்ணினாள்.
ஐந்து.
மூன்றை அவர்களுக்கு என்று தள்ளி வைத்தாள்.
வவ்வால் கடித்தது நமக்கு.
'அவங்க வாங்கினதுதானேப்பா' என்றாள்,
கணக்கு எனக்குப் புரியாதது போல.
நாளை நான்தான் கொண்டுபோக வேண்டுமாம்.
வேலிக்கு அந்தப் பக்கம்.

ராத்திரி ஜெபம்.
மட்டிக் குலைக்கு நன்றி.
ஐநூறு என்று சத்தம் போட்ட தாசையன் மாமாவுக்கு நன்றி.
முட்டை இட்ட கோழிக்கு நன்றி,
அதுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க ஏசப்பா.
பிறகு, அதே குரலில்,
ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல்,
பின்னால சாக்கு சுத்தி நிக்குத செவ்வாழைக்கும் நன்றி.

கண் திறந்தேன்.
அவள் இறுக மூடியிருந்தாள்.
பேர் சொல்லித்தான் சொன்னாள்.
நான் படிப்பித்தபடியே.

விடியுமுன் மழை விட்டிருந்தது.
கையில் கத்தி, தோளில் மூன்று சீப்பு.
சட்டைப் பையில் போன் அடிக்கிறது,
தொடுவெட்டிக்காரன்தான்.
வாழைக்கும் வேலிக்கும் நடுவே நிற்கிறேன்.
சாக்கின் நுனியிலிருந்து
துளி துளியாய்ச் சொட்டுகிறது.
எதற்கு ஆமென் சொல்வது
என்று இன்னும் தெரியவில்லை.