நாற்பத்திரண்டு சுற்று

கருங்கலுக்கும் குளச்சலுக்கும் நடுவே
பதினோரு வருஷம் ஓடிக் களைத்த மினி பஸ்.
ஏலத்தில் எடுத்துத் திங்கள்சந்தையில்
என் ஷெட் முன்னால் கொண்டு நிறுத்தி
"இனி இதுதான்க்கா எங்க வீடு" என்றான் றெஜின்.
தோஹாவில் ஒன்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன்.
கட்டில் வந்தது, அடுப்பு வந்தது,
கூரையோரம் சுருண்டு கிடக்கும் துணிப்பந்தலும் வந்தது.
ஒயரிங் என் பொறுப்பு.

சுவிட்ச் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாதாம்.
விளக்கு, பம்பு, பந்தல், தண்ணீர் மட்டம்
எல்லாம் ஒரே ஸ்கிரீனில்.
ஸ்கிரீன் போனோடு பேசும்,
போன் எங்கோ கிடக்கும் சர்வரோடு பேசும்,
அது சரி என்று சொன்னால்
படுத்திருப்பவன் தலைக்கு ஒரு சாண் மேலே
விளக்கு எரியும்.

பந்தல் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி இருந்தது.
முழங்கை நீள இரும்பு, நுனியில் கொக்கி.
"இது எதுக்குக்கா, நீங்களே வச்சுக்கிடுங்க."
வைத்துக்கொண்டேன்.
ஷெட்டின் மக்கர் ஷட்டரை நெம்ப
அதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

ஸ்கிரீனையும் நான் குறை சொல்ல மாட்டேன்.
சித்திரையில் தென்மலைப் பக்கம் தூங்கியபோது
கேஸ் கசிவதை மோந்து
கூப்பாடு போட்டு எழுப்பியது அதுதான்.
நான் மாட்டும் சுவிட்சுகளுக்கு
மூக்கு கிடையாது.

ஆடி மாதம்.
ராத்திரி ஒன்றே முக்கால்.
முட்டத்திலிருந்து ஷைனி. அவளைவிடச் சத்தமாகக் காற்று.
"எக்கா, பந்தல் உள்ள போவ மாட்டேங்குது.
கம்பி வளையுது.
ஸ்கிரீன்ல ஒரு வட்டம் மட்டும் சுத்திட்டு நிக்குது."
பின்னால் றெஜின்:
"அப்டேட் கேக்குதுக்கா, குடுக்கட்டா?"
"சவத்தத் தொடாதே!
பந்தல் மூலையில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், உரி.
ஓட்டை தெரியுதா?"
"தெரியுது."
"அதுல மாட்டுற கைப்பிடி..."

மேலே யாரும் பேசவில்லை.

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இரும்பைக் கிடத்தி
வெள்ளிச்சந்தை தாண்டி, அம்மாண்டிவிளை தாண்டி
ரோட்டில் விழுந்த ஓலைகளைச் சுற்றிச் சுற்றிப் போனேன்.
சாரல் பக்கவாட்டில் அறைந்தது.
கலங்கரை விளக்கம் தன் பாட்டுக்கு
கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பஸ் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.
டார்ச்சை நான் பிடிக்க, றெஜின் சுற்றினான்.
ஏனோ எண்ணினேன்.
பதினேழில் சிக்கியது.
ஷைனி நைட்டியோடு ஓடி வந்து
கம்பியைத் தோளில் தாங்கினாள்.
பதினெட்டு. பத்தொன்பது.
நாற்பத்திரண்டில் "டக்" என்றது.
அவள் பஸ்ஸின் தகட்டை இரண்டு தட்டு தட்டினாள்,
யாரோ கடைசியாக ஏறிவிட்டதைப் போல.

தாகம்.
கட்டிலுக்கடியில் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர்,
பம்பு ஸ்கிரீனுக்குள்.
என் சீட்டுக்கடியில் கிடந்த
அரை பாட்டிலை மூன்று பேரும் குடித்தோம்.

விடியற்காலம் சிக்னல் வந்தது.
ஸ்கிரீன் முகம் கழுவினது போல் வெளிச்சமாகி
மரியாதையாகக் கேட்டது:
பந்தல் விரிந்துள்ளது.
காற்று அதிகம்.
மூடவா?

கொப்புளம் பொங்கிய விரலை
ஆம் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நடுவில்
வெகுநேரம் வைத்திருந்தான் றெஜின்.
ஆம் என்றால் மோட்டார் மூடினதையே மூடப் பார்த்துக் கருகும்.
வேண்டாம் என்றால்
விரிந்திருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும்.
"பியூஸைப் புடுங்கு" என்றேன்.
எங்கே இருக்கிறது என்று கேட்டான்.
ஒயரிங் பண்ணியவள் நான்,
எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

பெட்ரோலுக்கு நூறு ரூபாய் தந்தார்கள்.
கைப்பிடியை யாரும் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.
திரும்பி வந்து ஷட்டர் முன்னால் நின்றபோதுதான்
ஞாபகம் வந்தது.