இங்கா

ஷார்ஜா விமானம் இறங்க நாலு மணியாகும் என்றார்கள்.
இரண்டரைக்கே போய் பீளமேட்டில் நின்றோம்.
நூல்கோன் வந்த அட்டைப்பெட்டியை அறுத்து
மார்க்கரில் அவள் பேரை எழுதியிருந்தார் இவர்,
தமிழில்.
"அந்தப் புள்ளைக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றேன்.
"நமக்குத் தெரியுமில்ல" என்றார்.

லிதுவேனியா.
மிருதுளா வரைபடத்தில் காட்டியபோது
என் சுண்டுவிரல் நகத்தில் மறைந்துபோனது.
பதினேழு வயசு. தனியாக
மூன்று விமானம் மாறி வருகிறாள்
பத்து மாசம் எங்களோடு இருந்து பள்ளிக்கூடம் போக.

அவளுக்கு முன்பே வந்துவிட்டது
அவளைப் பற்றிய படிவம், நாலு பக்கம்.
என்ன பிடிக்கும், என்ன ஆகாது,
எத்தனை மணிக்குத் தூங்குவாள்,
நாய்க்குப் பயமா, இருட்டுக்குப் பயமா.
மிருதுளா படித்துச் சொல்லச் சொல்ல
அரிசி களைந்துகொண்டே கேட்டேன்.
அழுகை வந்தால் கூட யாரும் இருக்க வேண்டுமா
என்றிருந்த இடத்தில் அவள் எழுதியிருந்தாள்:
தனியாக விடுங்கள். கதவை மட்டும் சாத்த வேண்டாம்.

எல்லோரும் வெளியே வந்து
டாக்சிக்காரர்களும் கலைந்த பிறகு வந்தாள்.
இடுப்புயரப் பெட்டி. கையில் மடித்த கம்பளிக் கோட்டு,
ஊத்துக்குளிக்கு, வைகாசியில்.
அட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்,
தன் பேர் இப்படித்தான் இருக்கும்போல என்று
அந்த மூன்று எழுத்தையும் விரலால் தடவினாள்.

விடிந்ததும் பக்கத்து வீட்டுச் சம்பூரணத்தக்கா
"பேரென்ன கண்ணு?"
"இங்கா."
"அடக் கெரகமே, பால் கேக்குதே புள்ளை" என்று
காய்ச்சப் போய்விட்டாள்.

முதல் நாள் சந்தவை. ஒவ்வோர் இழையாக உருவித்
தேங்காய்ப்பாலில் நனைத்துத் தின்றாள்.
மூன்றாம் நாள் கொள்ளு ரசம்.
ஒரு வாய். பிறகு தட்டின்மேல் கையை விரித்து
பாடம் பண்ணி வந்த தமிழில்
"இது வேண்டாம். நன்றி" என்றாள்.
இவர் நிமிர்ந்து பார்த்தார்.
மாமியார் உயிரோடிருந்த காலத்திலிருந்து
இந்த வீட்டில் யாரும் பேசாத வாக்கியம்.

மூலனூரிலிருந்து நான் வந்தது வாடகை வேனில்,
பத்தொன்பது பேர் துணைக்கு.
மத்தியானம் சாப்பிட்டார்கள்.
பொழுதோட பத்தொன்பது பேரும் ஏறிக்கொண்டார்கள்.
ரயில்வே கேட் சாத்தியிருந்தது அன்றைக்கு.
ஈரோட்டு பாசஞ்சர் போகிறவரைக்கும்
வேனின் சிவப்பு விளக்கு அங்கேயே எரிந்தது.
வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

நாலு பக்கம் வேண்டாம்,
என்னைப் பற்றி நாலு வரி
யார் எழுதி அனுப்பினார்கள் இந்த வீட்டுக்கு?

இரவு அவள் அறையில் மூக்குறிஞ்சும் சத்தம்.
கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
சொன்னபடி தனியாக விட்டேன்.
கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்,
சத்தம் வராமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லாத மத்தியானம்
அந்தக் கேள்விகளை என்னிடம் கேள் என்றேன்.
அவள் ஃபோனில் பேச, ஃபோன் தமிழில் பேசியது
பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக்காரன் குரலில்:
உங்களுக்கு என்ன உணவு பிடிக்காது?

"கொள்ளு ரசம்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
உள்ளேயிருந்து மிருதுளா ஓடி வந்தாள்.
"ஏம்மா, வாரத்துக்கு ரெண்டு நாள் வெக்கிறியே!"
வெக்கிறேன். இருபத்திரண்டு வருசமாக.
புளிப்பும் காரமும் குறையாமல்,
இவர் நாக்குக்குத் தோதாக.

இங்கா சிரிக்கவில்லை. தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்
ஏதோ எழுத்தில், என் பேருக்குக் கீழே.
அடுத்ததைக் கேட்டாள்.
ஃபோன் கொஞ்சம் யோசித்துச் சொன்னது:
உங்களுக்கு அழுகை வந்தால்

"இரு சாமி, பால் பொங்குது" என்று
எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன்.
அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.