நாலு வரை எண்ணுதல்

அதிகாலை மூன்று. ஊலு நகரம். மைனஸ் இருபத்தாறு.
பனி தள்ளும் வண்டிக்குள் உட்கார்ந்து
உங்கள் புது ஆல்பத்தை ஐந்தாவது முறை கேட்கிறேன்.
ஐந்து முறை கேட்டால் பிடித்துவிடும் என்று
எனக்கு நானே கொடுத்த வாக்கு.
பிடிக்கவில்லை.

மூன்றரை நிமிடம். மூன்று நிமிடம் நாற்பது.
மறுபடி மூன்றரை.
எல்லாம் கச்சிதம், எல்லாம் பளபளப்பு,
பல் மருத்துவரிடம் காத்திருக்கும்போது
சுவரிலிருந்து கசியுமே, அந்த மாதிரி.
பல்லவி வருகிறது. சொன்ன நேரத்துக்கு வருகிறது.
இங்கே பேருந்துகூட அப்படி வருவதில்லை.

ஒன்று இரண்டு மூன்று நாலு
ஒன்று இரண்டு மூன்று நாலு
ஹெய்மோ, டிரம்ஸுக்குப் பின்னால் நீதானா?
உன் சட்டையை மாட்டிக்கொண்ட கடிகாரமா?

தொண்ணூற்றெட்டில், துய்ரா பக்கம் ஒரு கராஜ்.
கூட்டம் பதினொரு பேர்,
அதில் மூன்று பேர் உங்கள் தம்பிமார்.
'உறையும் நதி' அன்று பத்தொன்பது நிமிடம் ஓடியது.
ஏழில் கிளம்பி, ஐந்தில் இடறி,
பதின்மூன்றில் போய் நின்றது.
நின்ற இடத்தில் தரை இல்லை.
தலையாட்டப் போன ஒருவனுக்குக் கழுத்து சுளுக்கியது.
அது என் கழுத்து.

அதை எண்ணிப் பழக எட்டு மாதம் ஆனது.
மேசை விளிம்பில், தொடையில்,
ராணுவப் பயிற்சியின் அணிநடையில்.
"பெசோனென்! கால் எங்கே போகிறது?"
பதின்மூன்றுக்கு, சார்ஜென்ட்.
சொல்லவில்லை.
கல்யாணத்தில் வால்ட்ஸ் ஆட வரவில்லை;
மூன்று எனக்கு ரொம்பக் குறைவு என்றேன்.
மெர்வி சிரித்தாள்.
ஒன்பது வருடம் கழித்து அதே வாக்கியத்தை
வக்கீல் முன்னால் சிரிக்காமல் சொன்னாள்.

மகள் அய்லிக்குப் பதினாறு.
பாத்திரம் கழுவிக்கொண்டே
உங்கள் புது பல்லவியை முணுமுணுக்கிறாள்.
"இது உங்க பழைய கும்பல்தானேப்பா? நல்லாத்தான் இருக்கு."
அந்தத் 'தான்' இருக்கிறதே,
அதை வைத்து ஒரு படகையே மூழ்கடிக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை கச்சேரி.
திட்டுவதற்காகவே டிக்கெட் வாங்கினேன்,
முப்பத்தெட்டு யூரோ.
'உறையும் நதி' வாசித்தீர்கள், ஆறு நிமிடத்துக்கு.
நடு நதியைக் காணோம்.
நான் கரையில் நின்று கைதட்டினேன்.

வெளியே வந்தால் பின்கதவுப் படியில் ஹெய்மோ.
வலது மணிக்கட்டில் கட்டு,
அதன்மேல் உறைந்த பட்டாணிப் பை.
முழங்கால் உயரப் பனி சுற்றிலும் கிடக்க,
கடையில் வாங்கிய பட்டாணி!
எத்தனை வருடக் கேள்விகள் என்னிடம் இருந்தன.
"பட்டாணியா?" என்றேன்.
"வளைந்து கொடுக்கும்" என்றான்.
சிகரெட்டை உதட்டில் வைத்து முகத்தை நீட்டினான்.
லைட்டரை அமுக்க அவன் கட்டைவிரல் வரவில்லை.
நான் பற்றவைத்தேன். காற்று அணைத்தது.
மறுபடி பற்றவைத்தேன்.
அந்த விரல்கள் நடுங்கியதற்குக் கணக்கு ஏதாவது உண்டா என்று
பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்தேன்.
இல்லை.

இதனால் ஆல்பம் நன்றாகிவிடவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
நாலாவது பாட்டு வெட்கக்கேடு.
அந்தக் கீபோர்டை யார் உள்ளே விட்டது?

ஆறாவது ஓடுகிறது இப்போது.
பனி கண்ணாடியை நோக்கிச் சாய்ந்து வருகிறது.
இடது துடைப்பானின் ரப்பர் கிழிந்திருக்கிறது;
ஒவ்வொரு வீச்சிலும் எதிலோ தடுக்கி
கொஞ்சம் பிந்தி விழுகிறது,
உங்கள் நாலுக்குள் அடங்காமல்,
இதோ விலகி, இதோ இன்னும் விலகி...
ஸ்டியரிங்கில் என் சுண்டுவிரல் எழும்புகிறது.

ரப்பரை மாற்றச் சொல்லி
பட்டறையில் இரண்டு முறை சீட்டு கொடுத்துவிட்டார்கள்.
அடுத்த வாரம் பார்க்கலாம்.