ஆறாவது கட்டம்

வால்டிவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
ஹெட்போனுக்குள்ளும் ஈரம் ஏறியதுபோல் ஒரு கரகரப்பு.
போன வருடம் பட்டம் வாங்கியவர்களைக் கூப்பிட்டு
இந்த வேலைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்பது
என் வேலை.
சம்பளம் ஒன்று. விருப்பம் இரண்டு. குடும்பம் மூன்று.
சொந்த ஊர் நான்கு. வேறு வழியில்லை ஐந்து.
ஆறு, பிற. அதற்கு நாற்பது எழுத்துக்குமேல் இடமில்லை.

யஸ்னா ஓயார்சூன், கடல் உயிரியல்.
திமிங்கலங்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவள்
சால்மன் பண்ணையில்
மீன் முதுகில் ஒட்டிய பேன்களை எண்ணுகிறாள்.
ஒன்றா என்றேன்.
"கல்விக்கடனுக்கு எந்த எண்?"
கடனுக்கு எண் இல்லை. ஒன்றையே போட்டேன்.
பிறகு, யாரோ கேட்டதுபோலச் சொன்னாள்:
"திமிங்கல வேலையும் கிடைத்தது. தீவில், ஆறு மாதம்.
என் கடைவாய்ப்பல்லுக்கு அங்கே டாக்டர் கிடையாது."
கடைவாய்ப்பல் என்று தட்டினேன்.
அழித்தேன்.

எலியாசர், வனவியல்.
மரமே இல்லாத கலாமாவில் சுரங்க லாரி ஓட்டுகிறான்.
ஒரு சக்கரமே வீட்டு உயரமாம்.
"ஒன்று போடுங்கள், அதைத்தான் எல்லோரும் நம்புவார்கள்.
உண்மையில், இங்கே மழை இல்லை.
அஞ்சு வருஷம் காயாத சாக்ஸோடு படித்தேன்."

ஐலின், சட்டம். எடுத்தது அவள் அப்பா.
வக்கீல் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.
பின்னாலிருந்து அவள் குரல்:
"பேக்கரி, அப்பா. பேக்கரி."
யார் சொல்வதை எழுதுவதென்று
பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

நாலு மணிக்கு ஒருவன், பெயர் வேண்டாம் என்றான்.
ஏழு நேர்காணல்.
ஆறில், எந்தப் பள்ளி என்று கேட்டார்களாம்.
பல்கலைக்கழகம் இல்லை, பள்ளி.
பள்ளி தெரிந்தால் தெரு தெரியும்,
தெரு தெரிந்தால் மற்றதெல்லாம்.
ஐந்து போடச் சொன்னான்.
"அதையாவது நானே தேர்ந்தெடுக்கிறேன்."

அடுத்த பெயர் என்னுடையது.
நானும் அதே வருடம்தான். புவியியல்.
தாண்டிப் போகலாமா என்று கேட்டேன்.
"வரிசை விட்டால் சிஸ்டம் நின்றுவிடும்," என்றாள் நில்டா,
தலையைத் தூக்காமல்.

நேர்காணலுக்குத் தொப்பலாக நனைந்து வந்த அன்று
இந்த மேசைக்கடியில் ஒரு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.
அவ்வளவுதான்.
நாற்பது எழுத்துக்குள் அடங்கிவிடும்.

என் எண்ணை அழுத்தினேன்.
ஆணியில் தொங்கிய கோட்டின் பையில்
போன் அதிர்ந்தது. துணி லேசாக ஆடியது.
எடுக்கவில்லை.
பதிலில்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்ற பொத்தானைத் தட்டிவிட்டு
வேதியியலுக்குப் போனேன்.