கால் சுற்று

பதினொரு வருடமாய்
சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில்
ஒரு கால் சுற்று காணாமல் போயிருந்தது.
திருப்புவேன், ஒன்றும் நடக்காது.
இன்னும் கொஞ்சம் திருப்புவேன். அப்போதுதான்
தூக்கத்தில் தன் பெயர் கேட்ட பிள்ளைபோல
படகு மெல்ல முகம் திருப்பும்.

அதையும் கணக்கில் சேர்த்தே ஓட்டினேன்.
சிங்கமலையின் மூக்கு
நாலாவது சவுக்கு மரத்தைத் தொடும்போது திருப்பினால்
ஐந்தாவது மரத்தில் திரும்பும்.
அந்நேரம் பவளத்திட்டின் வாசல் நேர் எதிரே இருக்கும்.
இப்படித்தான் மாயேபூர்த் துறையில்
படகின் அடிவயிறு கிழியாதவள் என்று
பெயர் வாங்கினேன்.
இடது தோள் மட்டும் இரவில்
வேறு கதை சொல்லும்.

மே மாதச் சீட்டு என் பெயருக்கு விழுந்தது.
ஃப்ரிட்ஜ் என்றான் சூப்ராயேன்.
ஸ்டீரிங் என்றேன்.
மூன்று நாள் பேசவில்லை. பிறகு அவனே
கடையிலிருந்து பெட்டிகளைத் தூக்கி வந்தான்:
சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பம்பு,
மோட்டாருக்கு முன்னால் ஒரு சிலிண்டர்,
இரண்டு கறுப்புக் குழாய்,
இரண்டு லிட்டர் சிவப்பு எண்ணெய்.
விலைச்சீட்டைப் பார்த்த மெக்கானிக் ஜொஸ்லேன்
படகையும் பார்த்துவிட்டு
“அயோ” என்றான்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
நாங்கள் யாரும் யாருக்கும்
மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பழைய கேபிளின் கம்பி
மோட்டார்க் குழலுக்குள் துருவாகி
அங்கேயே வீடு கட்டியிருந்தது.
சுத்தியல். நெருப்பு. மறுபடி சுத்தியல்.
உப்பைத் தின்ற இரும்பு
மூன்று நாள் எண்ணெய் குடித்தது.
நாலாம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்தது.
மத்தியானத்துக்குள் முழுசாய் வந்தது,
ஆனால் சும்மா வரவில்லை.

உறையைக் கிழித்துக் காட்டினான் ஜொஸ்லேன்.
பத்தொன்பது இழை இருக்க வேண்டுமாம்.
இருந்தது ஆறு.
போன மாதம்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினாலு பேரை
எதிர்த்தீவுக்கு ஏற்றிப் போனேன்,
திரும்பவும் கொண்டுவந்தேன்.
வழியெல்லாம் பாடினார்கள்.
ஒருத்தி என் மடியிலேறி
சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.
ஆறு.
ஜொஸ்லேன் ஒன்றும் சொல்லாமல்
எண்ணெய்த் துணியை அதன்மேல் போட்டான்.

புதுக் குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
நான் சக்கரத்தை ஒரு கோடிவரை திருப்பிப் பிடிக்க,
அவன் பின்னால் திருகைத் திறந்தான்.
சிவப்பில் குமிழி, குமிழி, குமிழி.
மூடு. மறு கோடி. திற.
“ஒரு குமிழி உள்ளே இருந்தாலும்
சக்கரம் உன்னிடம் பொய் சொல்லும்” என்றான்.
பொழுது சாயும்போது
வெறும் எண்ணெய் மட்டும் வந்தது.
ஒரு விரலால் திருப்பினேன்.
வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் விடியலில் தனியாய்ப் போனேன்.
சிங்கமலையின் மூக்கு, நாலாவது மரம்,
கை அதுவாய்த் திருப்பியது.
படகும் திரும்பியது.
அப்போதே. அங்கேயே.
தண்ணீருக்கடியில் பவளத்தின் பழுப்பு முதுகு
ஒரு சாண் தூரத்தில்
என்னை விசாரித்துவிட்டுப் போனது.

மோட்டாரை அணைத்தேன்.
அலை சும்மா தாலாட்டிக்கொண்டிருந்தது.
இந்தக் கையில் பதினொரு வருடக் காற்று.
இதற்கு எங்கே திருகு,
யார் திறப்பது?

கரையிலிருந்து ஜொஸ்லேன் போன் செய்தான்:
“குழாயில் காற்றா?”
“இல்லை” என்றேன். “கை.”

பிறகு ஆளில்லாப் படகை
வாசல்வரை கொண்டுபோய்,
திருப்பாமல்,
இன்னும் திருப்பாமல்,
ஐந்தாவது மரம்வரை
விரல்களைச் சக்கரத்திலிருந்து எடுத்து
தொடையின்கீழ் வைத்துக்கொண்டேன்.
ஏழுமுறை போய்வந்தேன்.
பெட்ரோல் முள் பாதிக்கும் கீழே.

தோள் வலிக்கவில்லை.
அது ஒன்றுதான் புதிதைச்
சீக்கிரம் படித்துக்கொண்டது.